கிருமிக்கு வழி சொல்லும் நம் உடம்பு

நண்பர்களே, வணக்கம்.

நோய்க்கிருமி என்றதும் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே பாயும் எதிரிதான் நம் நினைவுக்கு வருகிறது. குடலுக்குள் வரும் கிருமி இடிப்பதற்கு முன்னால் நெடுநேரம் உளவு பார்க்கிறது. தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை நம் உடம்பு விட்டுவைக்கும் தடயங்களிலிருந்தே அது தெரிந்துகொள்கிறது. இன்று உங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான்.

முதலில் கிருமியை மறிக்கும் தடுப்பைப் பாருங்கள். பெருங்குடலின் உட்சுவரைச் சளி இரண்டு அடுக்காகப் போர்த்தியிருக்கிறது. அதன் முக்கியப் பொருளான மியூசின், எடையில் ஏறக்குறைய 80 விழுக்காடு சர்க்கரை. வெளியடுக்கு தளர்ந்தது, கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்கு அதுவே வீடு. சுவரை ஒட்டிய உள்ளடுக்கு இறுகியது. அங்கே பாக்டீரியாவே கிடையாது என்று ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகக் குழுவினர் 2008இல் எலிகளில் காட்டினார்கள். அதற்கு முன் இந்த அடுக்கு ஏன் கண்ணில் படவில்லை? வழக்கமான ஃபார்மலினில் திசுவைப் பதப்படுத்தினால் சளி சுருங்கிப் போய்விடும். நீர் கலக்காத கார்னாய் கரைசலில் பதப்படுத்தியபோதுதான் அது நிலைத்து நின்றது. அந்தக் குழுவினர் நுண்ணோக்கியில் எடுத்த படத்தில் சளி பச்சையாகவும் பாக்டீரியா சிவப்பாகவும் தெரியும். இரண்டுக்கும் நடுவே அத்தனை தெளிவான எல்லை! எலியில் அந்தப் பச்சைப் பட்டையின் தடிமன் சுமார் 50 மைக்ரோமீட்டர்தான்.

காலரா கிருமிக்கு ஒரே ஒரு வால், அதாவது கசையிழை. அதைச் சுழற்றிச் சிறுகுடல் சளிக்குள் நுழைகிறது. மியூசினை வெட்டும் நொதியையும் சுரக்கிறது. சளியின் பிசுபிசுப்பில் அந்த வாலே முறிந்துபோவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். முறிந்த இடத்தின் வழியே ஒரு புரதம் வெளியேறுகிறது. உள்ளே அது குறைந்ததும் நோய் உண்டாக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்ள வழி பிறக்கிறது. வால் போனதையே வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது!

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஈ.கோலை ஓ157:எச்7 என்ற குடல் நோய்க்கிருமி. பெருங்குடலில் இயல்பாக வாழும் ஒரு பாக்டீரியா, சளியிலிருந்து ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை வெட்டி விடுவிக்கிறது. ஓ157 அந்தச் சர்க்கரையை ஓர் ஏற்பியால், அதாவது சைகையை உணரும் புரதத்தால், உணர்ந்தால், குடல் செல்லில் புரதத்தைச் செலுத்தும் ஊசிக் கருவியைக் கட்டாமல் அடக்கி வைக்கிறது. 2012இல் வெளியான கண்டுபிடிப்பு இது. இன்னும் சளிக்குள்தான் இருக்கிறோம், இப்போதே ஆற்றலைச் செலவிடுவானேன் என்ற கணக்கு. சுவரை நெருங்கும்போது நிலைமை மாறுகிறது. நம் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் கியூஎஸ்இசி என்ற இன்னோர் ஏற்பி பிடிக்கிறது. உடனே ஊசிகள் எழுகின்றன. நம் உடம்பு நமக்காகச் சுரப்பதை அதுவும் ஒட்டுக் கேட்கிறது.

இந்தக் கிருமியின் நச்சு சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். அப்படிப் பாதிக்கப்படுவோரில் சிறு குழந்தைகளே அதிகம். ஆன்டிபயாடிக் கொடுத்தால் சாகும் கிருமி கூடுதல் நச்சைக் கக்கக்கூடும் என்பதால் மருத்துவர்கள் பெரும்பாலும் அதைத் தவிர்க்கிறார்கள். கையில் மருந்து இருந்தும் கொடுக்க முடியாத நிலை எவ்வளவு கொடியது!

ஆகவேதான் கிருமியைக் கொல்லாமல் அதன் காதை அடைக்கும் முயற்சியைப் பெரிதாக மதிக்கிறேன். கியூஎஸ்இசியை மறிக்கும் எல்இடி209 என்ற மூலக்கூறு 2008இல் வெளியானது. அது கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதில்லை. ஆனாலும் சால்மொனெல்லா என்ற இன்னொரு குடல் கிருமி தொற்றிய எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது, கொடுக்காத எலிகளைவிட அதிகமானவை பிழைத்தன.