48 மணி நேரத்தில் திருந்துமா நாக்கு?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

அரசியல் மேடையின் கண்ணியத்தைக் காக்க வேண்டியது தேர்தல் ஆணையமா, மக்களா? மக்கள்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் தேர்தல் நடத்தை விதிகளைக் கையில் எடுத்து அரை மணி நேரம் அடித்து ஆடினார். நல்ல விதிகள்தான், மறுக்கவில்லை. எதிர்க்கட்சியைக் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு இவற்றை வைத்து விமர்சி. பொதுவாழ்வோடு ஒட்டாத சொந்த வாழ்க்கையைத் தொடாதே. நிரூபிக்காத குற்றச்சாட்டை வீசாதே என்கின்றன. மீறினால் என்ன ஆகும்? 48 மணி நேரமோ 72 மணி நேரமோ பிரசாரத் தடை. தொண்டை கட்டினால்கூட நம் பேச்சாளர்கள் ரெண்டு நாள் ஓய்வெடுத்துத்தானே ஆக வேண்டும்!

2019 தேர்தலில் யோகி ஆதித்யநாத், மாயாவதி, மேனகா காந்தி, ஆசம் கான் நால்வருக்கும் இந்தத் தடை விழுந்தது. பா.ஜ.க., பகுஜன் சமாஜ், சமாஜ்வாதி என மூன்று கட்சிக்காரர்கள், அதனால் நான் யாருக்கு ஆள் என்று யாரும் தேட வேண்டாம். இதில் ஆசம் கான் நின்ற உத்தரப் பிரதேசத்து ராம்பூர் தொகுதியைப் பாருங்கள். எதிர்த்து நின்ற ஜெயப்பிரதாவைப் பற்றி உள்ளாடை வரைக்கும் போய்ப் பேசினார் என்றுதான் ஆசம் கானுக்கு 72 மணி நேரத் தடை. நான் யார் பெயரையும் சொல்லவில்லையே என்றார் அவர். சரி, ராம்பூர் வாக்காளர்கள் என்ன செய்தார்கள்? அதே ஜெயப்பிரதாவைத் தோற்கடித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஆசம் கானை மக்களவைக்கு அனுப்பினார்கள்! ஆணையம் எழுதிய தண்டனையை யார் அழித்தது, நடுவர் அவர்களே?

நம்மூருக்கு வருவோம். 2021 மார்ச். ஆ. ராசா பேசியது அன்றைய முதல்வர் பழனிசாமியின் தாயை இழிவுபடுத்துகிறது என்று கொதிப்பு கிளம்பியது. திருவொற்றியூர் பிரசாரத்தில் பழனிசாமி கண் கலங்கினார். மறுநாளே ராசா வருத்தம் தெரிவித்துவிட்டார். ஆணையத்தின் 48 மணி நேரத் தடை அதற்கு அப்புறம்தான் வந்தது. அவரை வருத்தம் சொல்ல வைத்தது ஊரார் முகம் சுளித்ததுதான்.

ஆனால் நாம் எப்போதும் அப்படி முகம் சுளிப்பதில்லை. எதிர்க்கட்சிக்காரர் திட்டினால் அநாகரிகம் என்கிறோம், நம்மாள் திட்டினால் 'செம பஞ்ச்' என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறோம். அந்தச் சிரிப்புக்கு எந்த ஆணையம் நோட்டீஸ் அனுப்பும்?

மணி அடிக்கிறார்கள், முடிக்கிறேன். அடுத்து வரும் எதிரணித் தோழர் முதலில் ராம்பூருக்குப் பதில் சொல்லட்டும். ஆணையத்தின் பெருமையை அப்புறம் கேட்கிறோம். நன்றி, வணக்கம்.