மெயிலை மகனே எழுதட்டும்

வணக்கம். இந்தச் சாயங்கால நேரத்தில் உங்களில் பலர் பிள்ளையை மைதானத்தில் இறக்கிவிட்டுவிட்டு, காரிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பதினோரு வருடம் நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். என் மகன் பேஸ்பாலில் கேட்சர், அதாவது மட்டையடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன். ஏழு வயதில் ஆரம்பித்தான், 2019-ல் பள்ளி முடித்து ஒரு சிறிய கல்லூரியின் அணியில் சேர்ந்தான். அதற்கப்புறம் இங்கே அமெரிக்காவில் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து யாராவது ஒருவர், "அண்ணா, எங்க பையன் கல்லூரி அணியில் சேர என்ன செய்யணும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். முழு ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்ற எண்ணத்தை இன்றே இறக்கி வைத்துவிடுங்கள். பெரிய கல்லூரிகள் விளையாடும் டிவிஷன் ஒன்றில் நீண்ட காலமாக ஓர் அணிக்கு 11.7 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான பணம்தான் கணக்காக இருந்தது. அதை 27 பிள்ளைகள் வரை பங்கு போட்டார்கள். கால்வாசி கிடைத்தாலே பெரிது. 2025-ல், கல்லூரி விளையாட்டு வீரர்கள் தொடுத்த வழக்கில் நீதிமன்ற உடன்பாடு வந்தபின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு போய்விட்டது. அதற்குப் பதிலாக அணியில் 34 பேருக்கு மேல் கூடாது என்றாகிவிட்டது. அந்த 34-லும் வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது ஆட்கள் இடம் பிடிக்கிறார்கள். உங்கள் பதினேழு வயதுப் பையன் அவர்களோடுதான் போட்டி போட வேண்டும்.

டிவிஷன் மூன்று என்ற இன்னொரு பிரிவில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஆனால் படிப்புக்கான உதவி உண்டு. எம்ஐடி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி எல்லாம் டிவிஷன் மூன்றுதான். நம் வீடுகளில் "டிவிஷன் மூன்று" என்றதும் முகம் சுருங்குகிறது. சுருங்க வேண்டியதில்லை.

சரி, நான் பேச வந்ததற்கு வருகிறேன். மெயில்.

மகன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது, அவன் பெயரில் நாற்பது கல்லூரி கோச்சுகளுக்கு நான் மெயில் எழுதினேன். அவனுக்கு வீட்டுப்பாடம், பயிற்சி, தூக்கம் மூன்றுக்குமே நேரம் போதவில்லை, நாமே செய்துவிடுவோம் என்று நினைத்தேன். எழுதியதெல்லாம் நல்ல ஆங்கிலம். இரண்டே பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர் தொலைபேசியிலேயே கூப்பிட்டார். மகன் ஸ்பீக்கரில் பேசினான், நான் பக்கத்தில் இருந்தேன். "சனிக்கிழமை ஆட்டத்தில் பிட்சர் பந்து போடும்போதே இரண்டாம் பேஸைத் திருட ஓடிய ரன்னரை அங்கே அவுட் ஆக்கியதாக எழுதியிருந்தாயே, அப்போது பிட்சர் போட்டது என்ன வகைப் பந்து?" என்று கேட்டார். இவனுக்குப் பதில் தெரியவில்லை. மெயிலில் அப்படி ஒன்று இருந்ததே அவனுக்குத் தெரியாது. அந்தக் கோச் கோபப்படவில்லை. "அடுத்த தடவை நீயே எழுது, தம்பி, நாலு வரி போதும்" என்கிற மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அப்புறம் அவர் கூப்பிடவே இல்லை.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவனே எழுதினான். ஒன்றரை மணி நேரம் ஆனது. பெயர், பள்ளி முடிக்கும் வருடம், உயரம், மதிப்பெண் சராசரி. இரண்டாம் பேஸுக்கு வீச 2.1 நொடி ஆகிறது, அதை 2.0 நொடிக்குக் கொண்டுவர உழைக்கிறேன் என்று ஒரு வரி. வரும் சனிக்கிழமை எட்டு மணிக்கு எந்த மைதானத்தில் ஆடுகிறான் என்று ஒரு வரி. கடைசியாக ஒரு கேள்வி: சிவில் இன்ஜினியரிங் படிக்க ஆசை, உங்கள் அணியில் லேப் வகுப்பும் பயிற்சியும் சேர்த்துச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்களா? ஆங்கிலத்தில் இரண்டு பிழை இருந்தது. திருத்தக் கை துடித்தது, விட்டுவிட்டேன். இந்த முறை பன்னிரண்டு கல்லூரிகளுக்குத்தான் அனுப்பினான். ஐந்து பதில்கள் வந்தன, ஐந்துமே அந்தக் கேள்விக்கான பதில்கள். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மெயிலை மகன் எழுதட்டும். கோச் நான்கு வருடம் கூட வைத்திருக்கப் போவது அவனை.

அந்த 2.1 நொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை வானொலியில் சொல்வது சுலபம், ஏனென்றால் இரண்டு சத்தங்கள்தான். பந்து கேட்சரின் கிளவுஸில் விழுகிறது: டப். அவன் எழுந்து வீசுகிறான், 127 அடி தாண்டி இரண்டாம் பேஸில் நிற்பவன் கிளவுஸில் விழுகிறது: டப். இரண்டு டப்புக்கும் நடுவில் உள்ள நேரம்தான் பாப் டைம். கோச் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். 1.9 என்று எழுதிவிட்டு அங்கே 2.2 வந்தால், அதற்குமேல் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். உள்ளதை எழுதுங்கள்.

கோச் ஸ்டாப்வாட்ச்சை மட்டும் பார்ப்பதில்லை. ஸ்ட்ரைக் அவுட் ஆகித் திரும்பும் பையன் ஹெல்மெட்டை எங்கே வைக்கிறான், அவன் பையை அவனே தூக்குகிறானா, அம்மா தூக்குகிறாரா என்பதெல்லாம் அவர் கண்ணில் படும். நம் அம்மாக்கள் வெயிலில் அந்தப் பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். பாசம்தான். இருந்தாலும் கொடுத்துவிடுங்கள், அவன் தூக்கட்டும்.

இன்னொன்று. கல்லூரி முகாமுக்கு வா என்று அழைப்பு வந்ததும் வீடே கொண்டாடுகிறது. அதே கடிதம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் போயிருக்கலாம், முகாமுக்குக் கட்டணமும் உண்டு. பையன் ஆடிய ஆட்டத்தைக் குறிப்பிட்டு யாராவது எழுதியிருந்தால்தான் அது அழைப்பு. டிவிஷன் ஒன்று கோச்சுகள் பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை, அணியில் சேர்ப்பதைப் பற்றிப் பையனோடு தொடர்புகொள்ளவே கூடாது. அதனால் ஒன்பதாம் வகுப்பில் யாரும் கூப்பிடவில்லையே என்று கலங்காதீர்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

டிவிஷன் ஒன்றுக்கு உயர்நிலைப் பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள் வேண்டும். அதில் 10 கடைசி வருடம் தொடங்குவதற்குள் முடிந்திருக்க வேண்டும். பள்ளி ஆலோசகரிடம் ஒன்பதாம் வகுப்பிலேயே கேளுங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் இரண்டு வருடப் படிப்புள்ள கம்யூனிட்டி காலேஜ் இருக்கிறது. பெரிய தொழில்முறை அணிகள் ஆடும் மேஜர் லீகில் 703 ஹோம் ரன் அடித்த ஆல்பர்ட் புஹோல்ஸ் அப்படிப்பட்ட கல்லூரியிலிருந்துதான் 1999-ல், அந்த அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டின் 13-வது சுற்றில் தேர்வானார்.

பிட்சர் பிள்ளைகளின் முழங்கையைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பால் என்ற அமைப்பும் வெளியிட்ட அளவுப்படி 17, 18 வயதில் ஒரு நாளைக்கு 105 பந்துகள்தான், 80-ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. பள்ளி கோச் ஒருவர், வார இறுதி அணிக்கு இன்னொருவர் என்றால், மற்றவர் எத்தனை பந்து போடவைத்தார் என்று இருவருக்குமே தெரியாது. ஒரு சின்ன நோட்டில் எண்ணிக்கையை நீங்கள் எழுதி வையுங்கள். இரண்டு கோச்சிடமும் காட்டுங்கள். வணக்கம்.