வந்திக் கிழவியின் பங்கு

விழாத் தலைவர் அவர்களே, வேறு நிகழ்ச்சியை விட்டுவிட்டு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்பு நான் பேச நினைத்ததில் பாதியைப் பேசிவிட்ட பேராசிரியர் அவர்களே, மைக் பிடித்துத் தந்த தம்பி, முன்வரிசைத் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பழைய மதுரை தண்ணீரை எப்படி வைத்துப் பிழைத்தது என்பது தலைப்பு. வைகை, தெப்பக்குளம், சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய கீழடி உறைகிணறு என்று மூன்று விஷயம் பேசப்போகிறேன்.

வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வருகிற வைகை வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வந்தால் வெள்ளம், போனால் மணல். பரிபாடலில் இன்று கிடைக்கும் 22 பாட்டில் 8 வைகைக்கு என்றால், புதுவெள்ளம் வருவது இந்த ஊருக்கு எவ்வளவு பெரிய சங்கதி என்று பாருங்கள். அந்த நாலு நாள் தண்ணீரைக் கால்வாயில் திருப்பிக் கண்மாயில் நிறுத்தினார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கடைசியில் மிஞ்சியதை ராமநாதபுரம் பெரிய கண்மாய் வாங்கிக்கொள்ளும், கடலுக்குப் போவது கொஞ்சம்தான். வெள்ளம் வருமுன் அணை போடு என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை.

இது ஆவணி மாதம், பிட்டுக்கு மண் சுமந்த கதையைச் சொல்லாமல் விட்டால் நீங்களே விடமாட்டீர்கள். வைகை கரையை உடைத்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும், இன்னாருக்கு இவ்வளவு கரை என்று அளந்து பங்கு கொடுத்துவிட்டான் பாண்டியன். பிட்டு விற்கிற வந்திக் கிழவிக்கு ஆள் ஏது? புலம்புகிறாள். கூலியாளாக வந்து நிற்கிறார் சொக்கநாதர். "கூலி என்னப்பா?" "உதிர்ந்த பிட்டு போதும் பாட்டி." அன்றைக்குப் பார்த்து அத்தனை பிட்டும் உதிர்ந்துபோச்சு! (சிரிப்பு) எல்லாவற்றையும் தின்றுவிட்டு, ரெண்டு கூடை மண்ணைக் கொட்டினார், ஆடினார், பாடினார், கூடையைத் தலைக்கு வைத்துப் படுத்துத் தூங்கிவிட்டார். ஊர்க்கரை எல்லாம் அடைபட்டாச்சு, கிழவி பங்கு மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பாண்டியன் பிரம்பை எடுத்து முதுகில் ஒன்று போட்டான், அடி ஊரில் இருந்த அத்தனை முதுகிலும் விழுந்தது, பாண்டியன் முதுகிலும்தான். (கைதட்டல்)

பக்தி உங்களுக்கு இருக்கட்டும், நான் பார்ப்பது அந்தப் பங்கை. பிட்டு விற்கிற கிழவிக்கும் கரையில் ஒரு பங்கு உண்டு, அது அடைபடாவிட்டால் ராஜாவுக்கும் அடி உண்டு. ஊர்க்காரர்களே கூடிக் கரையையும் கண்மாயையும் செப்பனிடுகிற குடிமராமத்து என்பது வேறென்ன? இன்றைக்கு நம் வார்டில் யாருக்கு எந்தக் கரை பங்கு?

சரி, தெப்பக்குளம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது, 16 ஏக்கர். தைப்பூசத்துக்குத் தெப்பம் விடுகிறோமே, அதற்கு வைகையிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் தானே வந்துகொண்டிருந்தது. கால்வாய் அடைபட்டபின் பம்பு வைத்து இறைத்தார்கள். சில வருஷங்களுக்கு முன் பனையூர்க் கால்வாயைத் தூர்வாரியதும் தண்ணீர் வழி கேட்காமல் வந்து சேர்ந்தது. மேடு பள்ளம் பார்த்து வெட்டியவன் கணக்கு இன்னமும் சரியாகத்தான் இருக்கிறது.

கிருதுமால் நதிக்கு மட்டும் ஏன் அந்த யோகம் இல்லை? ஊருக்குள் ஓடுகிற ஆறு, அதில் சாக்கடையை விட்டுவிட்டு மூக்கைப் பொத்துகிறோம். எல்லை அளந்து கல் நட வேண்டும், ஐப்பசி மழைக்கு முன்னால் நட வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடு என்பதை இந்த மேடையில் மட்டும் நான் சொல்லவில்லை, மனு கொடுத்த இடமெல்லாம் சொல்லியாச்சு.

நேரம் முடிந்தது என்று தலைவர் சீட்டுக் கொடுத்துவிட்டார். உறைகிணறு பாவம், இன்னொரு நாள் பார்ப்போம். வாசலில் மேசை போட்டு மனுவும் பேனாவும் வைத்திருக்கிறோம், முதல் கையெழுத்தை மாமன்ற உறுப்பினர் போடுவார் என்று அவரைக் கேட்காமலே அறிவிக்கிறேன். காபி அந்த மேசைக்கு அடுத்துத்தான். வணக்கம்.