கம்பியை எடுப்போம், காணியைக் கேட்போம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் அதிபர்களே, குருக்கள் ஐயா அவர்களே, மண்டபத்தைத் தந்துதவிய ஆலய நிர்வாக சபையினரே, பொன்னாடை போர்த்திய இளைஞர் மன்றத் தம்பிகளே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மாரே, அனைவருக்கும் வணக்கம்.

சட்டம், பயிர், காணி ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

‘எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம்’ என்பார்கள். நாம் காட்டுப்பன்றிக்குப் பயந்து சுருக்குக் கம்பி கட்டுகிறோம். அதில் சிறுத்தை மாட்டிச் சாகிறது. பன்றிக் குட்டிகளைத் தின்று பன்றியின் பெருக்கத்தைக் குறைப்பதே அந்தச் சிறுத்தைதான்! 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பியில் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். கழுத்துக் காயம் ஆறவில்லை. மே 29 அன்று இறந்துபோனது.

லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் துரை ஸ்கொட்லாந்துக்காரர். அவர் பிறந்த நாட்டிலும் சுருக்குக் கண்ணி பற்றி இதே வாதம் நடந்தது. நரி, தரையில் முட்டையிடும் பறவைகளை அழிக்கிறது, கண்ணி வேண்டும் என்றார்கள் வேட்டைநிலக் காவலர்கள். கழுத்தை நெரிக்காத கம்பிக்காவது அனுமதி தாருங்கள் என்று மன்றாடினார்கள். கண்ணிக்கு நரி எது, முயல் எது, வீட்டுப்பூனை எது என்று தெரியுமா என்று மறுதரப்பு கேட்டது. வேல்ஸ் 2023இலும், ஸ்கொட்லாந்து 2024இலும் கண்ணியை முற்றாகத் தடை செய்தன.

கண்ணிக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். எனக்குப் பத்து வயது. பெரியப்பா போஞ்சிப் பாத்தி ஓரம் சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டிருந்தார். நடுச்சாமத்தில் ஓர் ஓலம். “பன்றி விழுந்துவிட்டது” என்று கத்தியும் டோர்ச்சுமாக ஓடினார். பின்னால் நானும் ஓடினேன். வெளிச்சம் பட்ட இடத்தில் இரண்டு கண்கள். எங்கள் மணி! காலையில் பெரியம்மாவோடு மலைக்குப் போய், மாலையில் கூடவே திரும்புகிற நாய். இழுக்க இழுக்க இறுகும் கம்பி கழுத்துச் சதைக்குள் புதைந்திருந்தது. பெரியப்பாவைக் கண்டதும் அது வாலை ஆட்டியது. ஐயா, கம்பி கட்டிய கையைப் பார்த்து வாலை ஆட்டியது! குறடு எடுக்க லயத்து வீட்டுக்கு ஓடிப்போய் வந்தேன். அதற்குள் அவர் மடியிலேயே அதன் மூச்சு நின்றுவிட்டது. அன்று பிடுங்கிய கம்பியைப் பெரியப்பா சாகும்வரை தொடவில்லை.

சிறுத்தை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கொன்றால் சிறை, அதை எல்லோரும் அறிவீர்கள்.

ஆனால் கம்பி கட்டுகிற மனிதர் ஏன் அதைக் கட்டுகிறார்? அரைநாள் சம்பளத்தை விதைக்குக் கொடுத்து, விடிய விடியக் காவல் இருந்து, ஒரே இரவில் பாத்தியைப் பன்றிக்குப் பறிகொடுத்தவர் அவர். வேலி போடு என்கிறார்கள். யாருடைய நிலத்தில் போடுவது? இருநூறு ஆண்டுகள் கடந்தும் லயத்துக்கும் உறுதிப்பத்திரம் இல்லை, மரக்கறித் தோட்டத்துக்கும் உறுதிப்பத்திரம் இல்லை. நாளைக்கு எழும்பு என்றால் எழும்ப வேண்டிய மண்ணில் எவன் கல்லூன்றி வேலி கட்டுவான்? காணி உறுதி கையில் இருந்தால் கடன் கிடைக்கும், வேலி எழும்பும், பன்றி சேதத்துக்கு உரிமையோடு நட்டஈடு கேட்கலாம். காணியைத் தராமல் கம்பியை மட்டும் குற்றம் சொல்வதும் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான்.

வாசலில் காணி உரிமை மனு வைத்திருக்கிறோம், கையெழுத்திட்டுச் செல்லுங்கள். பக்கத்தில் ஒரு சாக்கு இருக்கிறது. வீட்டில் சுருக்குக் கம்பி வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்து அதில் போடுங்கள். பெயர் கேட்க மாட்டோம்.