குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

வயதான காலத்தில் எங்கே இருப்பது என்று பேச்சு எடுத்தாலே, மகன் வீடா, மகள் வீடா, இல்லை கோயம்புத்தூர்ப் பக்கம் நிறைய வந்திருக்கிறதே, அந்த மாதிரி முதியோர் குடியிருப்பா என்றுதான் பேச்சு போகிறது. இப்போது குடியிருக்கிற வீட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கட்டட வேலையிலேயே காலம் போனவன் நான். அந்த வீட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பேருக்குச் சுமார் 10 பேர் 60 வயது தாண்டியவர்கள். 2031இல் அது 18ஐத் தொடும் என்கிறது மத்திய அரசின் மதிப்பீடு. இத்தனை பேரும் புதுக் குடியிருப்புக்கா போகப்போகிறார்கள்? பெரும்பாலோர் இருக்கிற வீட்டில்தான் இருப்பார்கள்.

சென்னையில் 1980களில் கட்டிய, லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்புகள் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு மளிகைப் பையோடு விறுவிறுவென்று ஏறியவர்களுக்கு இன்று 75, 80 வயது. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா மூன்றாவது மாடி. கயிற்றில் கூடையை இறக்குவார். கீரைக்காரம்மா கீரைக்கட்டை அதில் வைத்துவிட்டு, "இழுங்கம்மா" என்று குரல் கொடுப்பார். கீரை மேலே போகும். அவரால்தான் கீழே வரமுடியாது.

ஒரு நாள் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. விழுந்தவர் கதவை ஒட்டியே கிடக்கிறார். வெளியே இருந்து தள்ளினால் கதவு அவர் மேலேயே அழுத்துகிறது. கீலும் உள்ளே, தாழ்ப்பாளும் உள்ளே. கடைசியில் கதவின் கீழ்ப்பலகையை அறுத்துத்தான் அவரைத் தொட முடிந்தது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

அதனால்தான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்: குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். நல்ல தச்சர் ஒருவர் போதும். வெளியே இருந்தும் நீக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள். அப்புறம், துண்டு போடுகிற கம்பியைப் பிடித்து எழுந்திருக்கிறார்களே, அது ஆள் பாரம் தாங்காது, பெயர்ந்து வந்துவிடும். செங்கல் சுவரில் ஆழமாக போல்ட் இறக்கிய கைப்பிடி வேண்டும். வாசலில் இரண்டு அங்குல மேடு இருந்தால் சரிவாக்கிவிடுங்கள். மறுபடி சொல்கிறேன், முதலில் அந்தக் கதவு.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். முதியோர் குடியிருப்புக்குப் போவதென்றால், கட்டுகிற முன்பணத்தில் எவ்வளவு திரும்பி வரும், படுக்கையில் விழுந்தால் யார் பார்ப்பார்கள், இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு எழுதுகிறவர்கள், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அவர்கள் கைவிட்டால் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது என்பதும் இருக்கிறது, அதை இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.