ஒரு பெண் வாசித்த நாள்

வணக்கம்.

நியூ ஜெர்சியில் நாங்கள் இருந்தபோது என் மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி எங்களுக்கு ஓர் அழைப்பிதழ் கொடுத்தாள். அவளுடைய பாட் மிட்ஸ்வா. யூதக் குடும்பங்களில் பையனுக்கு 13 வயதில் நடப்பது பார் மிட்ஸ்வா, பெண்ணுக்கு 12 அல்லது 13 வயதில் நடப்பது பாட் மிட்ஸ்வா. பாட் என்றால் மகள், மிட்ஸ்வா என்றால் கட்டளை. இனி இறைவனுடைய கட்டளைகளுக்கு நீயே பொறுப்பு என்று பிள்ளையிடம் சொல்லும் நாள் அது. அழைப்பிதழின் அடியில் ஒரு வரி இருந்தது. எனக்குப் பரிசு வேண்டாம், கென்யாவில் ஒரு பள்ளியில் படிக்கும் பெண்களுக்குக் கட்டணம் கட்ட உதவுங்கள் என்று.

இதை மிட்ஸ்வா ப்ராஜெக்ட் என்கிறார்கள். அமெரிக்காவில் யூதர்களின் பல ஜெப ஆலயங்களில், விழாவுக்குத் தயாராகும் பிள்ளை ஒரு தொண்டுப் பணியையும் எடுத்துச் செய்ய வேண்டும். பெண்களின் படிப்பை எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குத் தனி மகிழ்ச்சி. காரணத்தைச் சொல்ல 1922-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு மார்ச் 18, சனிக்கிழமை, நியூயார்க். மொர்தெகாய் கப்லான் என்ற ரபி, அதாவது யூத மதகுரு. அவருக்கு நான்கு மகள்கள், மகன் கிடையாது. பாட் மிட்ஸ்வாவை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டால், எனக்கு நான்கு காரணங்கள், நான்கும் என் மகள்கள் என்பாராம். மூத்தவள் ஜூடித்துக்கு 12 வயது. பையன்கள் மட்டும் எழுந்து நின்ற இடத்தில் மகளை நிறுத்தப்போகிறேன் என்றார் அப்பா. வீட்டில் பாட்டிகள் இருவருக்கும் கலக்கம். உங்கள் மகனிடம் நீங்கள் சொல்லுங்கள் என்று ஒருவர், அவன் என் பேச்சைக் கேட்பானா, உங்கள் மகளிடம் நீங்கள் சொல்லுங்கள் என்று இன்னொருவர். யாருடைய பேச்சும் எடுபடவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஜூடித் எழுந்து வாசித்தாள். ஆனால் கேளுங்கள், யூதர்களின் வேதமான தோராவைக் கையால் எழுதிய சுருளிலிருந்து அல்ல. சுருளுக்குச் சற்றுத் தள்ளி, கீழே நின்று, அச்சிட்ட தன் புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள். இடி விழவில்லை, மின்னல் தாக்கவில்லை என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர் இசை ஆய்வாளரானார். 1992-இல், 82 வயதில், இரண்டாம் முறையாக பாட் மிட்ஸ்வா கொண்டாடினார். 12 வயதில் தள்ளி நிற்க வைக்கப்பட்டவருக்கு அந்த நாளைத் திரும்பப் பெற எழுபது ஆண்டுகள். இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் மாறிவிடுகிறது, மன்னிக்கவும்.

போலந்தின் கிராக்கோவில் சாரா ஷெனிரர் என்ற தையல்காரப் பெண் 1917-இல் தன் சமூகத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பையன்களுக்கு வேதக் கல்வி உண்டு, பெண்களுக்கு அதற்கென்று பள்ளி இல்லை என்ற நிலை அவரை உறுத்தியது. முதலில் 25 பேர் அளவில்தான். 1935-இல் அவர் இறந்தபோது பெய்ஸ் யாக்கோவ் என்ற அந்தப் பெயரில் இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருந்தன. இன்று ஒரு பெண் எழுந்து நின்று வாசிக்கிறாள் என்றால், அவளுக்கு முன்னால் இப்படி எத்தனையோ பேர் உண்டு. அவள் இன்னொரு பெண்ணின் படிப்புக்குக் கை கொடுப்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. பள்ளிக்கு வெளியே இருக்கும் பெண் பிள்ளைகள் உலகம் முழுக்க 12 கோடியே 20 லட்சம் என்றது யுனெஸ்கோவின் 2023 கணக்கு.

இந்த உதவியை யூதர்களின் வேத மொழியான எபிரேயத்தில் ட்ஸெதாக்கா என்பார்கள். தானம் என்று சொன்னால் பாதிதான் வரும். நீதி என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வருகிறது. நம் சொல்லில் அறம் என்றால் நெருங்கி வரும். விருப்பப்பட்டால் கொடுப்பது அல்ல, கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது. 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடஸ் அதற்கு எட்டுப் படிகள் வைத்தார். மேல் படி எது தெரியுமா? பெறுபவர் இனி யாரிடமும் கை நீட்டாத நிலைக்கு வரும்படி செய்வது. பள்ளிக் கட்டணம் அந்தப் படியில் வரும் என்பது என் கருத்து.

இன்னொன்று, 18. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. உயிருள்ள என்ற பொருளில் வரும் ஹை என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 18. அதனால் பரிசுப் பணம் 18, 36, 180 டாலர் என்றுதான் வரும், நாம் மொய்யில் 101 எழுதுவதைப் போல. அந்தத் தோழியின் பெட்டியிலும் அப்படித்தான் விழுந்தது. நாங்கள் 36 போட்டோம்.

ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். தொண்டுப் பணியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பள்ளியிடமே கேளுங்கள், என்ன குறைகிறது என்று. கட்டணமாக இருக்கலாம், கதவுள்ள கழிப்பறையாக இருக்கலாம், மாதவிடாய் நாட்களுக்கான நாப்கினாக இருக்கலாம். அந்தத் தோழி அப்படிக் கேட்டுக் கடிதம் எழுதியிருந்தாள். வந்த பதிலில் முதலில் இருந்தது, இரவில் படிக்க விளக்கு.