சிறை சென்று வந்தவருக்கு வேலை கொடுக்கலாமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறது. லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன்.

"வணக்கங்க அண்ணா. எங்கள் வீதிப் பையன் ஒருவன், அடிதடியில் ஓர் உயிர் போன வழக்கில் ஏழு வருடம் உள்ளே இருந்துவிட்டுப் போன மாதம் வந்திருக்கிறான். முன்பு லேத்தில் நன்றாக வேலை பார்த்தவன். அவன் அம்மா வந்து வேலை கேட்கிறார். எனக்குக் கொடுக்க மனசு இருக்கிறது. வீட்டில் பயப்படுகிறார்கள், பட்டறையில் முணுமுணுக்கிறார்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் சட்டப்படி என் தலையில் விழுமா? வேலை கொடுப்பதைத் தவிர நாங்கள் வேறு என்ன செய்ய வேண்டும்?"

இந்தக் கடைசி வரிக்காகவே கேள்வியை எடுத்தேன். நான் பல வருடமாகச் சிறையிலிருந்து வருகிறவர்களோடு இருக்கிறேன். வேலை கொடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேறென்ன செய்யணும் என்று கேட்கிறவர்கள் குறைவு. ரொம்ப சந்தோஷம் தம்பி.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். தண்டனை முடிந்து வந்தவரைத் தனியார் பட்டறையில் சேர்ப்பதற்கு எந்தத் தடையும் கிடையாது. நாளைக்கு அவர் வெளியே ஏதாவது தப்பு செய்தால், வேலை கொடுத்த ஒரே காரணத்துக்காக உங்கள் மேல் வழக்கு வராது. ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போடுவது வேறு விஷயம். அவர் வாய்தாவுக்கு வராமல் போனால் பத்திரத்தில் எழுதிய தொகைக்கு நீங்கள் பொறுப்பு. அதனால் அவர் தண்டனை முடிந்து வந்திருக்கிறாரா, ஜாமீனில் இருக்கிறாரா, பரோலில் வந்திருக்கிறாரா என்று கேளுங்கள். விடுதலை ஆகும்போது சிறையில் கொடுத்த சீட்டைப் பாருங்கள். என்ன வழக்கு என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு முறை கேளுங்கள், நீங்கள் மட்டும் கேளுங்கள். அதோடு விட்டுவிடுங்கள்.

வீட்டில் பயப்படுகிறார்கள் என்றால், உங்கள் ஊரிலேயே மத்திய சிறையை ஒட்டி இந்தியன் ஆயிலோடு சேர்ந்து சிறைத்துறை நடத்தும் 'ஃப்ரீடம்' பெட்ரோல் பங்க் இருக்கிறதே, அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். புழல், வேலூர், திருச்சி, பாளையங்கோட்டையிலும் இருக்கிறது. இன்னும் தண்டனைக் காலத்தில் இருக்கும் சிறைவாசிகள்தான் அங்கே பெட்ரோல் போடுகிறார்கள், காசு வாங்கிச் சில்லறை கொடுக்கிறார்கள். ஜனங்கள் குடும்பத்தோடு வண்டியில் வந்து போட்டுக்கொண்டு போகிறார்கள். சிறைச் சுவரை ஒட்டி நிற்கிறவரிடம் வராத பயம், தண்டனையை முழுசாக முடித்துவிட்டு நம் வீதிக்கு வந்தவரைப் பார்த்து ஏன் வர வேண்டும்?

சரி, வேறென்ன செய்யணும் என்ற கேள்விக்கு வருவோம். என் அனுபவத்தில், வெளியே வந்தவரை முதல் மூன்று மாதத்தில் உடைப்பது பெரிய விஷயங்கள் இல்லை. காகிதம்தான் உடைக்கிறது. ஏழு வருடத்துக்கு முன்னால் இருந்த செல்போன் நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கும். ஆதாரில் அந்தப் பழைய நம்பர்தான். ஓடிபி அங்கே போகும். வங்கிக் கணக்கில் இரண்டு வருடம் வரவு செலவு இல்லையென்றாலே முடங்கிவிடும், அதைத் திறக்கப் போனால் ஆதார் கேட்பார்கள். ரேஷன் கார்டில் பெயரை எடுத்திருப்பார்கள். வாடகை வீடு கேட்டுப் போனால் அங்கேயும் ஆதார், போன் நம்பர். ஒன்றுக்கு ஒன்று முடிச்சு. இதற்கு நாலு நாள் அலைய வேண்டும், அந்த நாலு நாள் கூலி போகும். ஆதார் மையத்திலோ வங்கியிலோ "இத்தனை வருஷம் எங்கே இருந்தீங்க?" என்று யாராவது சத்தமாகக் கேட்பார்கள். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பலர் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுகிறார்கள்.

அதனால் முதல் வாரத்திலேயே ஒரு நாள் லீவு கொடுத்து, கூட ஒரு ஆளை அனுப்புங்கள். அந்தக் கேள்வி வரும்போது "வெளியூரில் இருந்தாருங்க" என்று சொல்ல பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும். ஆதார் மையம், வங்கி, ரேஷன், இந்த வரிசையில் போங்கள். வாக்காளர் பட்டியலையும் பாருங்கள். சிறைக்குள் இருக்கும்போதுதான் ஓட்டுப் போட முடியாது, வெளியே வந்தால் அந்த உரிமை திரும்பிவிடுகிறது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் படிவம் 6 எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சிறைவாசிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015ல் ஐ.நா. சபை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளில் 108ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. விடுதலையாகிறவருக்கு அடையாள ஆவணங்கள் இருக்கணும், போக ஒரு வீடும் செய்ய ஒரு வேலையும் இருக்கணும், பருவத்துக்கு ஏற்ற துணி இருக்கணும், ஊர் போய்ச் சேரவும் ஆரம்ப நாட்களை ஓட்டவும் கையில் காசு இருக்கணும். நம் ஊரில் இதில் பெரும்பகுதி அம்மா, அக்கா, பக்கத்து வீடு, உங்களைப் போல ஒரு பட்டறைக்காரர் என்றுதான் நடக்கிறது.

கோயம்புத்தூர் என்றதும் எனக்கு வ.உ.சி. நினைவு வந்துவிடும். அவர் செக்கிழுத்தது அந்தச் சிறையில்தான். நாட்டுக்காகப் போனவர் அவர், இந்த வழக்கோடு சேர்த்துப் பேசவில்லை. ஆனால் வெளியே வந்த பிறகு பட்ட பாட்டைப் பாருங்கள். 1912 டிசம்பரில் கண்ணனூர் சிறையிலிருந்து வந்தபோது வக்கீல் சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்வதற்கான அனுமதிப் பத்திரம், கையில் இல்லை, கப்பல் கம்பெனி இல்லை. சென்னையில் கடை வைத்துப் பிழைக்கப் பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தி வழியாக வர வேண்டியிருந்தது. அதற்காக இருவருக்கும் 1915, 1916ல் கடிதங்கள் போய்வந்தன. கப்பல் விட்டவர், அந்தச் சிறு தொகைக்காகக் காத்திருக்கிறார். பல வருடம் கழித்து அந்தச் சன்னது திரும்பக் கிடைக்க உதவிய நீதிபதி வாலஸின் பெயரை, தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று வைத்தார். ஒரு காகிதம் திரும்பக் கிடைத்ததற்கு ஒரு மனிதர் எவ்வளவு நன்றியோடு இருந்திருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் பட்டறைக்குள். எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து அவரைப் பற்றிப் பேச வேண்டாம். ஒரு பையனை நாங்கள் ஒரு கடையில் சேர்த்துவிட்டோம். முதலாளி நல்லவர்தான். நல்ல எண்ணத்திலேயே எல்லார் முன்னாலும் "இவர் திருந்தி வந்திருக்கார், நாமதான் ஆதரவு கொடுக்கணும்" என்று பேசினார். நாலாம் நாள் அவன் வரவில்லை. போய்க் கேட்டால், "அண்ணா, டம்ளரை எடுத்தாக்கூட எல்லாரும் என் கையையே பார்க்கிறாங்க" என்றான். உங்கள் பட்டறையில் மூத்தவர் ஒருவரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவையுங்கள். முணுமுணுப்பை அவர் பார்த்துக்கொள்வார்.

வருகைப் பதிவேட்டில் வரும் நேரம், போகும் நேரம் தினமும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எல்லாருக்கும் வையுங்கள், அவருக்கு மட்டும் வேண்டாம். ஏனென்றால் அந்தப் பக்கம் எங்காவது ஒரு சண்டை, ஒரு திருட்டு என்றால் போலீஸ் முதலில் தேடி வருவது அவரைத்தான். அன்றைக்கு அந்த நோட்டுதான் அவருக்காகப் பேசும். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். வக்கீல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டு விசாரிக்கலாம்.

இன்னொன்று, கொஞ்சம் கஷ்டமான விஷயம். இறந்துபோனவருடைய குடும்பமும் அதே ஊரில்தானே இருக்கும்? விடுதலையாகி வந்தவருக்கு நண்பர்கள் சிலர் மாலை போட்டு வெடி வைத்துக் கொண்டாடுவார்கள். நீங்கள் ஊரில் பெரிய மனிதர் என்றால் அதைத் தடுத்துவிடுங்கள். கோவில் விசேஷத்தில் அந்த வீட்டு ஆட்கள் நிற்கும் இடத்தில் இவர் போய் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஏழு வருடத்தில் எதுவும் முடிந்திருக்காது. இதை அந்தப் பையனிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும், அவனுடைய அம்மாவால் சொல்ல முடியாது.

கடைசியாக, ஆரம்பத்தில் நைட் ஷிப்ட் போடாதீர்கள். எங்களிடம் வந்த ஒருவர், மாலை ஐந்தே கால் ஆனால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கதவையே பார்ப்பார். உடம்பு சரியில்லையோ என்று நினைத்தோம். சிறையில் ராத்திரிச் சாப்பாட்டை மாலையிலேயே கொடுத்துவிட்டு, எண்ணிக்கை எடுத்துப் பூட்டிவிடுவார்கள். ஒன்பது வருடம் அந்த நேரத்துக்குச் சாப்பிட்ட வயிறு. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு எட்டு மணி வரை பசியோடு நின்றிருக்கிறார். அதனால் சாயந்திர டீயோடு இரண்டு பன்னோ போண்டாவோ சேர்த்து வாங்கி வரச் சொல்லுங்கள். எல்லாருக்கும் சேர்த்தே வாங்குங்கள். முதல் சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் கொடுங்கள், வங்கிக் கணக்கு திறக்கும் வரை. திங்கட்கிழமை வரச் சொல்லிவிடுங்கள் தம்பி, அந்த அம்மா காத்துக்கொண்டிருப்பார்.